நாய்க்குத் தனி நாடி

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
பதினாறு டின் வாய் பிளந்து கிடந்தன.
நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல்
விடிய விடிய உறைய வைத்திருக்கிறது
என் பெட்டி.

"உங்க மிஷினு தூங்கிடுச்சுக்கா" என்றார் கஜபதி.
தூங்கவில்லை. பச்சை விளக்கு
சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது.
திரையில் மட்டும் மணி 2:17.
வெளியே ஏலம் கூவத் தொடங்கியிருந்தார்கள்.

கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து மூடியைத் திருகினேன்.
அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம் அந்தப் படிகம்.
ரிச்சி தெருவில் பாக்கெட் பாக்கெட்டாக அள்ளி வந்தது.
விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்து
எழுநூற்று அறுபத்தெட்டு முறை நடுங்கும்.
அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கினால்
ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும்.
அதுதான் பெட்டிக்கு விநாடி.

அத்தனை சின்ன நடுக்கத்தை அடக்க
ஒரு மூச்சு ஈரம் போதும்.
ராத்திரிக் கடற்காற்று உள்ளே புகுந்து
இரண்டு கால்களுக்கும் நடுவே
உப்பால் பாலம் போட்டிருக்கிறது.
படிகம் நின்றது.
அடுத்த விநாடி வரட்டும் என்று
காத்திருந்த வரியிலேயே
ப்ரோகிராமும் நின்றது.

இதற்கென்றே உள்ளே ஒரு நாய் உண்டு.
வாட்ச்டாக்.
திருடன் வந்தால் குரைக்காது.
வீட்டுக்காரர் பேச்சுமூச்சு இல்லாமல் போனால்
இரண்டு விநாடி பொறுத்துப் பார்த்துக்
கடித்து எழுப்பும். எல்லாம் முதலிலிருந்து.
அதற்குப் படிகம் கிடையாது, தனி நாடி.
வெயிலுக்கு ஒரு வேகம், குளிருக்கு ஒரு வேகம்,
நூற்றுக்குப் பத்து பொய் சொல்லும்.
நிற்க மட்டும் நிற்காது.

"நாய் எங்கக்கா கீது?" குனிந்து தேடினார் கஜபதி.
இதோ, இந்தக் கறுப்புப் பூச்சிக்குள்ளே.
"அப்பறம் ஏன் கொலைக்கல?"

நான் சோறு போட்டுக்கொண்டே இருந்தேன், கஜபதி.
காலையில் டெலிவரி என்று லோகு சார் சொன்ன ராத்திரி
அம்பத்தூர் எஸ்டேட்டில், கொசுக்கடியில்,
சும்மா சும்மா கடிக்கிறதே என்ற எரிச்சலில்
சோற்றுத் தட்டைத் தூக்கி
டைமர் இன்டரப்டில் வைத்துவிட்டேன்.
அது வேறு கடிகாரம். யார் விழுந்தாலும் அதற்கென்ன,
பத்து மில்லி விநாடிக்கு ஒருமுறை வரும்,
விளக்கைப் பார்க்கும், தட்டை நிரப்பும், போய்விடும்.
கூடத்தில் ஆள் மயங்கிக் கிடக்க
வாசலில் தட்டு நிரம்பிக்கொண்டிருந்தால்
எந்த நாய் குரைக்கும்?

ஸ்பிரிட் தொட்டு, பழைய டூத் பிரஷால்
உப்பைத் தேய்க்கையில் பையில் போன் அதிர்ந்தது.
ஆறரை.
தயாளன் அண்ணன் அனுப்பிய செம்பருத்தி.
நேற்று தாமரை. முந்தாநாள்
பனித்துளி வைத்த ரோஜா. இனிய காலை வணக்கம்.
ஒருநாள் தவறியதில்லை.
நானும் ஒரு கட்டைவிரல், தவறாமல்.
குரல் கேட்டது எப்போது?
மாதவரத்தில் குடியிருந்தான், அப்போது.
வேலை போய் நாலு மாசமாம்,
போன வாரம் கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்கள்,
பந்தியில், பாயசத்துக்கு முன்னால்.

லேப்டாப்பைத் திறந்தேன்.
அந்த ஒற்றை வரியை வெட்டி
பெரிய சுற்றின் கடைசியில் ஒட்டினேன்.
உப்புத்தண்ணிக் குளிர் பார்த்தாயா,
மோட்டார் பார்த்தாயா, மணி நகர்ந்ததா,
மூன்றுக்கும் ஆம் என்றால்தான் சோறு.
பிறகு விரலை நனைத்துப்
படிகத்தின் கால்களில் வைத்தேன்.
திரை உறைந்தது.
ஒன்று. இரண்டு.
சடக்கென்று ரிலே விழ, கம்ப்ரெஸர் அடங்கியது.
"கடிச்சிட்ச்சிக்கா!"
டின் காசு மறந்து சிரித்தார் கஜபதி.

வார்னிஷ் காயட்டும் என்று வெளியே வந்தேன்.
செம்பருத்திக்குக் கட்டைவிரல் போடவில்லை.
எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன்.
ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே
ரிங் போகிறது.
மூன்று.
நான்கு.